டீசல் காரில் வந்து வந்து போகும் மிஸ்ஸிங்: இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்

கேள்வியின் சுருக்கம்: 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது சில சமயம் குலுங்குகிறது. மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது திடீரென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டுச் சரியாகிவிடுகிறது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், மறுபடி வரும். செக் இன்ஜின் விளக்கு எப்போதாவது எரிந்து தானாக அணைகிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இன்ஜெக்டர் மேல் சந்தேகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேய்ந்த இன்ஜெக்டருக்கு நல்ல நாள், கெட்ட நாள் என்று கிடையாது. நாசில் தேய்ந்திருந்தால் இன்றும் தேய்ந்துதான் இருக்கும், நாளையும் அப்படித்தான். குலுக்கல் மெல்ல மெல்லக் கூடுமே தவிர இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளாது. வந்து போகிற பழுதுக்கு வந்து போகக்கூடிய ஒன்றுதான் காரணமாக இருக்கும்: தொட்டும் தொடாமலும் இருக்கும் மின் இணைப்பு, டீசலோடு சேர்ந்து நுழையும் காற்று, சூட்டில் விட்டுப்போய் ஆறியதும் சேர்ந்துகொள்ளும் சென்சார் காயில், ஒட்டிக்கொண்டு விடுபடும் வால்வு. இவற்றைச் சோதிக்கப் பெரும்பாலும் காசே தேவையில்லை. அதனால் தேடலை அங்கே தொடங்குங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சி.சி. 1.3 மல்டிஜெட். மாருதி அதற்கு டி.டி.ஐ.எஸ். என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும் பெயர் வைத்தார்கள். நான்கு சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2, காமன் ரெயில், அதாவது நான்கு இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் உயர் அழுத்தத்தில் நிற்கும் முறை. கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்த நான்கு சிலிண்டர் காமன் ரெயில் வண்டிக்கும் பொருந்தும்.

டீசலில் ஸ்பார்க் பிளக், காயில் எல்லாம் கிடையாது. ஒரு சிலிண்டரில் எரிப்பு தவறினால் (மிஸ்ஸிங் என்பது இதுதான்) மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்கும். டீசல் உள்ளே வரவில்லை. அல்லது வந்தும் சரியான அளவிலோ சரியான நேரத்திலோ வரவில்லை. அல்லது வந்த டீசலைப் பற்றவைக்கக் காற்று போதிய அளவு அழுந்திச் சூடாகவில்லை. எது என்று புகையே ஓரளவு காட்டிக்கொடுக்கும். குலுங்கும் நேரத்தில் பின்னால் ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். கண்ணைக் கரிக்கும் பச்சை டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போய் எரியாமல் வெளியேறுகிறது: கம்ப்ரஷன் குறைவு, காற்று கலந்த டீசல், டைமிங் பிசகு. புகையே மாறாமல் இன்ஜின் மட்டும் குலுங்கினால் அந்தச் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை, அதாவது இன்ஜெக்டர் திறக்கவில்லை. இங்கே வயரிங்தான் முதல் சந்தேகம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தபடி சிக்கிய இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது), கழன்ற டர்போ ஹோஸ். டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி பொருத்திய பி.எஸ். 6 வண்டிகளில் இந்தப் புகைச் சாட்சி அவ்வளவாகக் கிடைக்காது. உங்களுடையது 2014 என்பதால் கிடைக்கும்.

அடுத்தது தாளம். 850 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 425 முறை எரிகிறது, நொடிக்கு ஏழு முறை. ஒரே சிலிண்டர் தொடர்ந்து தவறினால் குலுக்கல் சீராக, நொடிக்கு ஏழு அடியாக, ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும். தாளமே இல்லாமல், ஒரு அடி, கொஞ்சம் அமைதி, இரண்டு அடி என்று வந்தால் பிரச்சினை ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. நான்குக்கும் பொதுவான ஒன்றில், ரெயில் பிரஷரிலோ காற்றிலோ, இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரிலோ இருக்கிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்வதற்கு முன் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் குறிப்பு எடுங்கள்

போனில் எழுதி வைத்தால் போதும். இன்ஜின் சூடா குளிரா, ஐட்லிங்கா இழுவையா, ஏ.சி. ஓடியதா, டேங்க்கில் எவ்வளவு டீசல், மழையா, டீசல் போட்டு எத்தனை கிலோமீட்டர். சில சேர்க்கைகள் நேராக இடத்தைக் காட்டிவிடும். டேங்க் கால் பாகத்துக்குக் கீழே போனால் மட்டும், அதுவும் மேட்டிலோ வளைவிலோ வந்தால், டேங்க்குக்குள் இருக்கும் பிக்அப் குழாயில் விரிசல் அல்லது ஸ்ட்ரெய்னரில் அடைப்பு. மழை நாளிலோ இன்ஜினைக் கழுவிய மறுநாளோ என்றால் வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் ஈரம். புது பங்கில் டீசல் போட்ட அன்று தொடங்கியிருந்தால் ஃபில்டரில் தண்ணீர். காலையில் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர் சுற்றி, கிளம்பி முதல் நிமிடம் மட்டும் தடுமாறினால், ராத்திரி முழுக்க டீசல் லைன் வழியே பின்னால் இறங்கிவிட்டது, எங்கோ காற்று நுழைகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் வருகிறது, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுத்துவிட்டுச் சரியாகிறது என்றால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதற்கும் இன்ஜெக்டர் மாற்றியவர்கள் உண்டு.

செக் இன்ஜின் விளக்கு அணைந்துவிட்டதால் பழுதுக் கோடும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. பதிந்துவைக்கும் 'கோட்' எண்) போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் பழுது தெரியாமல் போனால் விளக்கு அணையும், கோடு உள்ளே பதிவாகவே இருக்கும். பாட்டரி டெர்மினலை மட்டும் கழற்றிவிடாதீர்கள், பல வண்டிகளில் அந்தப் பதிவும் அதோடு சேர்ந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்துபோகும். பழுது வந்த நொடியில் ஆர்.பி.எம்., கூலன்ட் சூடு, வேகம் என்னவாக இருந்தன என்பது அந்த ஃப்ரீஸ் ஃப்ரேமில்தான் இருக்கிறது.

அந்தக் கோட் எண்ணைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். பி0201 முதல் பி0204 வரை வந்தால் 1 முதல் 4 வரையுள்ள இன்ஜெக்டர்களின் மின்சுற்று. அந்த இன்ஜெக்டர் கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. பி0301 முதல் பி0304 வரை அந்தந்தச் சிலிண்டரில் மிஸ்ஃபயர், காரணம் எதுவாகவும் இருக்கலாம். பி0087 என்றால் ரெயில் பிரஷர் போதவில்லை, பி0335 கிராங்க் சென்சார், பி0340 கேம் சென்சார், பி0016 என்றால் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 1.3 மல்டிஜெட்டில் டைமிங் செயின் இருப்பதால் கடைசிக் கோடு வந்தால் அலட்சியம் வேண்டாம். ஆயில் மாற்றத் தாமதித்த இன்ஜின்களில் செயின் நீண்டுபோகும், ஸ்டார்ட் செய்த முதல் சில நொடி முன்பக்கத்தில் கரகரவென்று சத்தம் கேட்கும்.

கை வைப்பதற்கு முன்

பழைய இன்லைன் பம்ப், ரோட்டரி பம்ப் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஐட்லிங்கிலேயே ரெயிலில் 250 முதல் 350 பார் இருக்கும், முழு இழுவையில் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். அந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவு கசிவும் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும், உள்ளே திசு அழுகும். அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள், ஓர் அட்டையைப் பிடியுங்கள். எந்த ஹை பிரஷர் யூனியனையும் திறப்பதற்கு முன் இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடமாவது பொறுங்கள்.

இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் கப்ளரைப் பிடுங்கிப் பார்ப்பதும் பரவலான பழக்கம். திறக்கும் நொடியில் அந்த வயரில் 65 முதல் 80 வோல்ட் வரை வரும், உச்ச மின்னோட்டம் 20 ஆம்பியர் அளவில் இருக்கும். பீசோ வகை (மின்சுருளுக்குப் பதில் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டரில் இதைச் செய்தால் திறந்த நிலையிலேயே இன்ஜெக்டர் நின்றுவிட வாய்ப்புண்டு. சிலிண்டருக்குள் டீசல் நிரம்பினால் கனெக்டிங் ராடே வளையும். ஸ்கேனரில் சிலிண்டர் கட்-ஆஃப் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

எது முதலில் விழுகிறது

முழுத் தேடலிலும் அதிக பலன் தரும் சோதனை இதுதான், நேரத்தை இதில் செலவழியுங்கள். வண்டியின் ஓ.பி.டி. சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, போன் செயலியில் இன்ஜின் ஆர்.பி.எம்., ரெயில் பிரஷர் இரண்டை மட்டும் வரைபடமாக வையுங்கள். ஆசைப்பட்டுப் பத்து அளவீடுகளைச் சேர்த்தால் விலை மலிந்த கருவி ஒவ்வொன்றையும் வரிசையாகக் கேட்டு வாங்குவதற்குள் வெட்டு வந்து போய்விடும். பிரஷர் கிலோ பாஸ்கலில் வந்தால் நூறால் வகுத்துக்கொள்ளுங்கள்: 30,000 என்றால் 300 பார்.

இப்போது பழுது வரும்வரை ஓட்ட வேண்டும். திரையை ஓட்டுநர் பார்க்கக் கூடாது. பதிவு செய்துகொண்டு பிறகு பாருங்கள், அல்லது பக்கத்தில் ஒருவரை உட்காரவையுங்கள். கேட்கும் கேள்வி ஒன்றே: பிரஷர் முதலில் சரிந்து அதன் பின்னால் ஆர்.பி.எம். விழுந்ததா, அல்லது பிரஷர் நேர்கோடாக நிற்க ஆர்.பி.எம். மட்டும் விழுந்ததா?

பிரஷர் முதலில் சரிந்தால் டேங்க், லைன், ஃபில்டர், பம்ப், மீட்டரிங் வால்வு (பம்ப்புக்குள் போகும் டீசலை அளந்துவிடுவது), ரெயில் சென்சார் ஆகிய பாதையில் தேடுங்கள். பிரஷர் அசையவில்லை என்றால் டீசல் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே போக உத்தரவு வரவில்லை அல்லது உள்ளே போயும் எரியவில்லை: இன்ஜெக்டர் வயரிங், கிராங்க் சென்சார், இன்ஜெக்டர், கம்ப்ரஷன். நல்ல ஸ்கேனர் கிடைத்தால் இ.சி.யு. கேட்கும் பிரஷரையும் இருக்கும் பிரஷரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். சூடான ஐட்லிங்கில் இரண்டுக்கும் இடையே 20, 30 பாருக்கு மேல் இடைவெளி நிலைத்து நிற்கக் கூடாது. ஐட்லிங்கில் பிரஷர் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கி, ஆர்.பி.எம்.மும் கூடவே ஆடினால் பம்ப்பில் இருக்கும் மீட்டரிங் வால்வு ஒட்டுகிறது.

ஒரு வரம்பு இருக்கிறது. மலிவுக் கருவி நொடிக்குச் சில அளவீடுகள்தான் தரும். நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்கு வந்து போகும் ஒற்றைத் தவறல் அதன் கண்ணில் படாமலே போகலாம். அதற்கு மின் அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பும், இன்ஜெக்டர் வயரில் மாட்டும் கரன்ட் கிளாம்பும் வேண்டும். அது இருக்கும் பட்டறையைத் தேடிப் போவது, ஒரு இன்ஜெக்டர் வாங்குவதைவிட லாபம்.

பிரஷர் விழுந்தால்

ஃபில்டரின் அடியில் உள்ள டிரெய்ன் பிளக்கைத் திறந்து 200 மில்லி டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். பிறகு ஃபில்டரை மாற்றுங்கள், பழையதைத் தூக்கி எறியாமல் அறுத்து விரித்துப் பாருங்கள். காகிதத்தில் கறுப்புப் படலம் சகஜம். வெயிலில் மினுக்கும் உலோகத் தூள் இருந்தால் ஹை பிரஷர் பம்ப் உள்ளே அரைபடுகிறது. அந்த நிலையில் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அதே தூளால் அடைபடும். பம்ப், ரெயில், பைப், டேங்க் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காற்று நுழைகிறதா என்று பார்க்க ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில், குறைந்த அழுத்தப் பக்கத்தில் மட்டும், ஓரடி நீளத்துக்கு டீசல் தாங்கும் ஒளிபுகும் ஹோஸைக் கிளிப் போட்டு இணையுங்கள். ஸ்டார்ட் செய்த உடனே சில குமிழிகள் ஓடி மறைவது இயல்பு. சூடான ஐட்லிங்கிலும், 2500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கும்போதும் குமிழி ஓயாமல் வந்தால் காற்று. இதில் பலரைக் குழப்பும் விஷயம்: டேங்க்கில் மின் பம்ப் உள்ள வண்டியில் லைன் விரிசல்விட்டால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். பம்ப் உறிஞ்சி எடுக்கும் வண்டியில் அதே விரிசல் வழியே காற்று உள்ளே போகும், வெளியே ஒரு துளி ஈரம்கூட இருக்காது. 'லீக் எதுவும் இல்லை சார்' என்ற பதிலை அதனால் அப்படியே ஏற்காதீர்கள். ஃபில்டர் மாற்றும்போது முறுக்கிக்கொண்ட ஓ-ரிங், பிளாஸ்டிக் குயிக் கனெக்டருக்குள் கெட்டிப்பட்ட சீல், பிரைமர் பல்பின் வால்வு, எலி கடித்த ஹோஸ், இந்த நான்கையும் முதலில் பாருங்கள்.

டேங்க்கா, அதற்குப் பிறகா என்று பிரிக்க ஒரு எளிய வழி உண்டு. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை வைத்து, ஃபில்டருக்குப் போகும் லைனையும், மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனையும் அதில் விட்டு, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். டேங்க்கில் மின் பம்ப் இருந்தால் அதன் ஃபியூஸைக் கழற்றி, கேனை ஃபில்டரைவிட உயரத்தில் வையுங்கள். மிஸ்ஸிங் நின்றுவிட்டால் பழுது டேங்க் பக்கம். இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் கேனை வைக்காதீர்கள், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

ரெயில் பிரஷர் சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். ஆறிய இன்ஜினில் சாவியை மட்டும் போட்டால், பிரஷர் பூஜ்யமாக இருக்கும்போது, சிக்னல் அரை வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 0.8, 1 வோல்ட் என்று காட்டினால், இல்லாத பிரஷரை இருப்பதாக இ.சி.யு.வுக்குச் சொல்கிறது.

பிரஷர் அசையவில்லை என்றால்: வயரிங்

நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயங்கள் என்னை இந்தப் பக்கம் தள்ளுகின்றன. பழுது சூட்டில் வருகிறது. செக் இன்ஜின் விளக்கு எரிந்து அணைகிறது. மெல்லத் தேயும் பாகங்கள் பெரும்பாலும் விளக்கை எரியவைப்பதில்லை. மின்சுற்று ஒரு கணம் அறுந்தால் இ.சி.யு. உடனே பதிந்துகொள்ளும்.

மேல் கவரைக் கழற்றினால் நான்கு இன்ஜெக்டரும் அவற்றின் இரண்டு பின் கப்ளர்களும் தெரியும். வருடக்கணக்கான சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கிப்போயிருக்கும், லாக் உடைந்து கப்ளர் வெறும் உராய்வில் நிற்கும். அணைத்த இன்ஜினில் ஒவ்வொன்றையும் கழற்றுங்கள். உள்ளே ஆயில் ஏறியிருக்கிறதா? பின் கறுத்திருக்கிறதா? பெண் டெர்மினலின் பிடி தளர்ந்திருக்கிறதா? பிடியைப் பார்க்க அதே தடிமன் உள்ள உதிரிப் பின்னை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள், லேசான இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும். மல்டிமீட்டர் முனையை அதற்குள் திணிக்காதீர்கள். டெர்மினல் விரிந்து, இல்லாத பழுதை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். அழுக்கைத் துடைக்கக் கான்டாக்ட் கிளீனர் போதும்.

பிறகு வயர் கற்றை போகும் வழியைத் தொடருங்கள். பிராக்கெட்டில் உரசும் இடம், கிளிப் விடுபட்ட இடம், இன்ஜினிலிருந்து பாடிக்குத் தாவும் வளைவு. இன்ஜின் ஒவ்வொரு இழுவைக்கும் மவுண்டிங்கில் சாய்வதால் அந்த வளைவில் உறை முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மேட்டில் மூன்றாவது கியரில் வரும் வெட்டுக்கு இது மிகப் பொருத்தமான காரணம். சூடான ஐட்லிங்கில், ஸ்கேனர் ஓடிக்கொண்டிருக்க, காய்ந்த மரக் குச்சியால் கற்றையை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் சட்டைக் கை தொங்கக் கூடாது. அசைக்கும்போது மிஸ்ஸிங் வந்தால் அதுதான் இடம்.

இன்னொரு நுணுக்கம்: பல இ.சி.யு.க்களில் இரண்டிரண்டு இன்ஜெக்டர்களுக்கு மின்சாரம் தருவது ஒரே பவர் ஸ்டேஜ். ஒன்றில் ஷார்ட் ஆனால் அதன் ஜோடியும் சேர்ந்து நிற்கும். இரண்டு சிலிண்டர் ஒரே நேரத்தில் போனால் இரண்டு இன்ஜெக்டரும் கெட்டன என்று முடிவு கட்டாதீர்கள்.

சாலனாய்டு (மின்சுருளால் இயங்கும்) இன்ஜெக்டரின் மின்தடை 0.3 முதல் 0.6 ஓம் வரைதான். மீட்டர் வயரின் தடையே அந்த அளவுக்கு இருக்கும் என்பதால், முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரால் நல்லது கெட்டது பிரிக்க முடியாது. சுற்று அறுந்திருக்கிறதா, பாடியோடு ஒட்டியிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் சொல்லும். பீசோ வகையில் இந்தத் தடை கிலோ ஓம்களில், நூறுக்கு மேல் காட்டும், பயந்துவிடாதீர்கள்.

எர்த்தையும் விடாதீர்கள். மீட்டரின் ஒரு முனை பாட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஹெட்லைட், ஏ.சி. ஃபேன் போட்டு ஐட்லிங்கில் 0.1 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்துக் கட்டுங்கள்.

கிராங்க் சென்சார் சூட்டில் போவது பழைய கதை. அடையாளம் எளிது. கியரில் ஓடும் வண்டி வெட்டும் நொடியில் ஆர்.பி.எம். காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள். டீசல் தடைப்பட்டால் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருப்பதால் முள் வேகத்தோடு மெல்ல இறங்கும். கிராங்க் சிக்னல் போனால் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழும். சென்சாரைக் கழற்றி முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது மட்டுமே காரணமாக இருந்து துடைத்தால் சரியாவதும் உண்டு.

அதற்குப் பிறகுதான் இன்ஜெக்டர்

வயரிங் சுத்தம், பிரஷர் நிலையாக இருக்கிறது, இன்னும் ஒரே சிலிண்டர் தவறுகிறது என்றால் இன்ஜெக்டருக்கு வரலாம். ஸ்கேனரில் நான்கு சிலிண்டருக்கும் டீசல் திருத்த அளவு தெரியும். ஒரு சிலிண்டர் சோர்ந்தால் இ.சி.யு. அதற்குக் கொஞ்சம் கூட்டியும், வேகமாகத் தள்ளும் சிலிண்டருக்குக் குறைத்தும் ஐட்லிங்கைச் சமன் செய்யும். சூடான இன்ஜின், ஏ.சி. அணைத்து, ஸ்டீயரிங் நேராக வைத்துப் படியுங்கள். ஒரு ஸ்ட்ரோக்குக்கு கூட்டல் கழித்தல் 2 மில்லிகிராமுக்குள் என்றால் கவலையில்லை. 3, 4 என்று போனால் அந்தச் சிலிண்டரைக் கவனிக்க வேண்டும். கவனியுங்கள், சிலிண்டரை என்றுதான் சொன்னேன். கூட்டல் எண் சோர்வைக் காட்டும். சோர்வுக்குக் காரணம் இன்ஜெக்டரா கம்ப்ரஷனா என்று அதற்குத் தெரியாது.

அதைப் பிரிக்க ஒரே நேர்மையான வழி, சந்தேகமான இன்ஜெக்டரை நல்ல சிலிண்டரோடு இடம் மாற்றுவது. எண் இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி இன்ஜெக்டர். அதே சிலிண்டரில் நின்றால் வால்வு, ரிங், ஹைட்ராலிக் டேப்பெட். மாற்றும்போது இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் திருத்தக் கோட் எண்ணையும் இ.சி.யு.வில் இடம் மாற்றி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே பொய் சொல்லும்.

செம்பு வாஷர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒவ்வொரு முறையும் புதிது, அதே தடிமன், ஒன்று மட்டும். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டி நிற்கும், இன்ஜெக்டரோடு வெளியே வந்திருக்காது. அதைக் கவனிக்காமல் மேலே புதியதைப் போட்டால் நாசில் முனை உயர்ந்து டீசல் பிஸ்டன் குழியில் சரியான இடத்தில் விழாது. டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். வாஷர் வழியே வாயு கசிந்தால் 'சஃப் சஃப்' என்று மூச்சுவிடும் சத்தமும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பு மேடும் இருக்கும்.

ரிட்டர்ன் சோதனையைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டியூப்களையும் ஒரே அளவுள்ள நான்கு பாட்டிலில் விட்டு, பொது ரிட்டர்ன் லைனை அடைத்து, இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டுவார்கள். ஒன்றில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு டீசல் சேர்ந்தால் அதன் உள் வால்வு தேய்ந்திருக்கிறது. ஆனால் அந்தத் தேய்மானம் ரெயில் பிரஷரைக் குறைக்கும், சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். பிரஷர் நேர்கோடாக நிற்கும்போது வரும் ஒற்றைச் சிலிண்டர் மிஸ்ஸிங்குக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

கழற்றிய இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் லேபுக்கு அனுப்பினால் முழு லோடு, பாதி லோடு, ஐட்லிங், பைலட் இன்ஜெக்‌ஷன் (முக்கியப் பீச்சலுக்கு முன் வரும் சிறு பீச்சல்) நான்கு நிலைகளிலும் அளந்த அச்சுத் தாளைக் கேட்டு வாங்குங்கள், வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. 'கிளீன் பண்ணிட்டோம்' என்ற வாய்வார்த்தை போதாது.

கம்ப்ரஷன் சோதனை குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றுவது) துளை வழியே. இன்ஜெக்டர் கப்ளர்களைக் கழற்றிவிட்டு, முழுச் சார்ஜ் உள்ள பாட்டரியோடு சுற்றுங்கள். 20 பாருக்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 4, 5 பாரைத் தாண்டக் கூடாது. சூட்டில் மட்டும் வரும் பழுது என்றால் சூட்டிலேயே அளக்க வேண்டும். குளோ பிளக்கைப் பொறுத்தவரை, அது ஊட்டி, கொடைக்கானல் காலைகளில் முதல் அரை நிமிடக் குலுக்கலுக்குக் காரணமாகலாம். சூடான இன்ஜினின் மிஸ்ஸிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துப் பாதி திறந்து நின்றாலும் சூடான ஐட்லிங் குலுங்கும், கறுப்புப் புகையும் மந்தமும் கூடவே இருக்கும். மிஸ்ஸிங் போலத் தோன்றி நம்மை ஏமாற்றும் வேறு சிலவும் உண்டு: கிழிந்த இன்ஜின் மவுண்டிங், விட்டு விட்டுச் சேரும் ஏ.சி. கம்ப்ரசர் கிளட்ச், மேட்டில் உதறும் கிளட்ச் பிளேட், கணநேரம் பொய் சொல்லும் பிரேக் பெடல் சுவிட்ச். பெடலை மிதித்திருப்பதாக இ.சி.யு. நினைத்தால் டீசலைக் குறைத்துவிடும், அது வெட்டாகத்தான் தெரியும்.

உங்கள் வண்டிக்கு நான் போகும் வரிசை: கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், இரண்டு வரி வரைபடம், இன்ஜெக்டர் கப்ளரும் வயர் வளைவும், டாக்கோ முள், ஃபில்டரும் ஒளிபுகும் ஹோஸும், மீட்டரிங் வால்வு, அப்புறம் திருத்த எண்கள். கடைசியில் இன்ஜெக்டர்தான் என்று உறுதியானால் கெட்டதை மட்டும் மாற்றுங்கள், அதன் ஹை பிரஷர் பைப்பையும் சேர்த்து மாற்றுவது நல்லது. புதியதன் திருத்தக் கோட் எண்ணை ஏற்றாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். பழைய பழுதுக் கோட் எண்ணை அழித்துவிட்டு, பழுது வந்த அதே மேட்டில், அதே சூட்டில், அதே கியரில் வரைபடத்தோடு ஒரு முறை ஓட்டி, ஐட்லிங் திருத்த எண்கள் 2-க்குள் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.